அத்தியாயம் 5: கால அட்டவணைக்குள் ஊர்

உங்கள் கணினித் துறையின் புரிந்துணர்வு ஒப்பந்தக் கோப்பை ஒருமுறை எடுத்துப் புரட்டுங்கள். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நேராக ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: போன பருவத்தில் இதனால் நம் மாணவர்களின் வாரத்தில் எந்த மணிநேரம் மாறியது? பலவற்றுக்குப் பதில் வராது. பொன்னாடை போர்த்தி எடுத்த படம் இருக்கும். நாக் தரமதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்ட முத்திரையும் கையெழுத்தும் இருக்கும். கையெழுத்திட்ட அதிகாரி இப்போது வேறு நிறுவனத்தில் இருப்பார். நம் பக்கத்து ஒருங்கிணைப்பாளரும் மாறியிருப்பார்.

கூட்டுறவு எப்படிச் செத்துப்போகிறது என்பதை அந்தக் கோப்பே சொல்லிவிடும். தொழில் நிறுவனமோ, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ, ஊராட்சியோ, யாராக இருந்தாலும் அவர்களுடைய வேலைக்குக் கால அட்டவணையில் மணிநேரம் வேண்டும், மாணவருக்குக் கிரெடிட் வேண்டும், ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் இடம் வேண்டும். இந்த மூன்றும் இல்லாதது விழாவோடு முடிந்துவிடும். கொங்கு நாட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்கக் கூடுதலாக மெனக்கெட வேண்டியதில்லை. செய்து காட்டியவர்கள் நம் சாலையிலேயே இருக்கிறார்கள்.

அவிநாசி சாலையில் ஏற்கெனவே நடந்தது

அவிநாசியிலிருந்து கோவைக்குப் போகிற சாலையில் பீளமேட்டை நெருங்கும்போது, கல்வியும் தொழிலும் ஒரே மதிலுக்குள் வளர்ந்த இடம் ஒன்று வருகிறது. பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926-இல் பி.எஸ்.ஜி. அறநிலையத்தை நிறுவினார்கள். அதன் தொழிற்கூடமான இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட், பம்புகளையும் மோட்டார்களையும் செய்து விற்றது. பொறியியல் கல்லூரி அதே வளாகத்தில் 1951-இல்தான் வந்தது. பட்டறை முந்தி, வகுப்பறை பிந்தி. அந்தக் கல்லூரி நடத்திய ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பில் வகுப்பும் பட்டறையும் மாறி மாறி வந்தன. மாணவர் லேத்தின் முன் நிற்கும் நேரம் பாடத்திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்ததால், முதல்வர் மாறினாலும் மேலாளர் மாறினாலும் அது நின்றுபோகவில்லை.

அதற்கும் முன்னால், 1945-இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கத் தொழிலதிபர் ஜி.டி.நாயுடு முன்னின்றார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். பொறியியலைக் கற்க இத்தனை ஆண்டுகள் தேவையில்லை, கருவியைக் கையில் கொடுத்தால் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி. அரசு அதற்கு இசையவில்லை. அவர் கேட்ட அளவுக்குப் படிப்பைச் சுருக்க நான் சொல்லமாட்டேன். ஆனால் முதலாண்டு முழுவதும் நிரல்மொழிப் பாடத்தை மட்டும் உருப்போட வைத்துவிட்டு, மூன்றாம் ஆண்டில்தான் மாணவரை வெளி உலகத்துக்குக் காட்டும் நம் துறைகளைப் பார்க்கும்போது, அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே தோன்றுகிறது.

நான் கணினித் துறைத் தலைவர்களை முக்கியமாகப் படிக்கச் சொல்வது அதே சாலையில் இருக்கும் சிட்ராவை. சிட்ரா என்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் 1956-இல் தொடங்கியது. நூற்பாலைகளே உறுப்பினர்களாகச் சேர்ந்து சந்தா கட்டி, அரசு உதவியும் பெற்று நடத்தும் ஆராய்ச்சி நிறுவனம். ஒன்றோடொன்று போட்டி போடும் ஆலைகள் தங்கள் உற்பத்தித்திறனையும் செலவையும் நூல் தரத்தையும் பற்றிய கணக்கை அங்கே கொடுத்தன. சிட்ரா அவற்றை ஒப்பிட்டு, ஒவ்வொரு ஆலைக்கும் தான் எங்கே நிற்கிறது என்று தெரியவைத்தது. தரவு அறிவியல் என்ற பாடப்பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊரில் நடந்த தரவுக் கூட்டுறவு அது. ஆலைக்காரர்கள் கணக்கைக் கொடுத்ததற்குக் காரணம் இரண்டு. கொடுத்தால் தமக்கு உருப்படியாக ஒன்று திரும்ப வரும். கொடுத்தது பக்கத்து ஆலைக்குப் போகாது. இன்றைக்கு எந்த நிறுவனத்திடம் நீங்கள் தரவு கேட்டாலும் இந்த இரண்டுக்கும் உத்தரவாதம் கொடுத்தாக வேண்டும்.

கணினிப் படிப்பிலும் இந்த வழி தொடர்ந்திருக்கிறது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் கோயம்புத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியும் (சி.ஐ.டி.) நடத்தும் ஐந்தாண்டு எம்.எஸ்சி. மென்பொருள் படிப்புகளில், மாணவர் ஒரு பருவம் முழுவதும் நிறுவனத்தில் உட்கார்ந்து திட்டப்பணி செய்கிறார். கிரெடிட் உண்டு, மதிப்பீடு உண்டு. கோவையின் மென்பொருள் நிறுவனங்களுக்கும் இந்தத் துறைகளுக்கும் உள்ள உறவு நிலைத்திருப்பதற்கு அந்த ஒரு பருவம் பெரிய காரணம்.

தொழில்: கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் நிட்டிங் யூனிட்

விளாங்குறிச்சி டைடல் பார்க்கிலும் கீரணத்தம் சிறப்புப் பொருளாதார மண்டலத்திலும் இருக்கும் பெரிய நிறுவனங்களைத் தேடிப் போவது எளிது. அவர்களிடம் மனிதவளத் துறை இருக்கிறது, கல்லூரி உறவுக்கென்றே ஆள் இருக்கிறார். அவர்கள் ஆளெடுக்க வருவார்கள். சந்தை சுருங்கினால் வரமாட்டார்கள். அந்த உறவை வேலைவாய்ப்பு அலுவலர் பார்த்துக்கொள்ளட்டும். துறையின் சொந்த உழைப்பைப் போட வேண்டிய இடம் வேறு.

அவிநாசியைச் சுற்றிப் பாருங்கள். பனியன் துணி ஓட்டும் நிட்டிங் யூனிட், ஜாப் ஒர்க் எடுக்கும் கட்டிங் செக்‌ஷன், சோமனூர் வரைக்கும் விசைத்தறிக் கூடங்கள், ஆர்டர் பிடித்து அனுப்பும் ஏற்றுமதி நிறுவனங்கள். இவற்றில் பலவற்றுக்குக் கணினித் துறை என்று ஒன்று கிடையாது. ஆனால் கணக்கிட வேண்டிய சிக்கல் ஒவ்வொரு மேசையிலும் இருக்கிறது.

ஒன்றை அருகில் நின்று பார்ப்போம். 30 அங்குல விட்டம், 24 கேஜ் வட்டப் பின்னல் மெஷின். அதில் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். அவற்றில் ஒன்று முறிந்தால் துணியில் நெடுக ஒரு கோடு விழும். யாராவது பார்த்து மெஷினை நிறுத்தும்வரை விழுந்துகொண்டே போகும். ஊசிக்கோடு, ஓட்டை, எண்ணெய்க் கறை என்று குறைக்கு ஒரு பெயர் உண்டு, பெயருக்கு ஒரு காரணம் உண்டு. கேமரா வைத்துக் குறை கண்டுபிடிக்கும் நிரலை எழுத உங்கள் மாணவர் ஆசைப்படுவார். ஆய்வகத்தில் அது அருமையாக ஓடும். யூனிட்டுக்குக் கொண்டுபோன அன்றே பஞ்சுத்தூசி லென்ஸில் படியும். மேலே டியூப்லைட் மினுக்கும். கறுப்புத் துணி ஏறினால் கோடு தெரியாது. லைக்ரா கலந்த துணி இழுவைக்கு ஏற்ப முகம் மாறும். இந்த நான்கும் எந்தப் பாடநூலிலும் இல்லை. மெஷின் ஓட்டுபவரிடம் இருக்கிறது. அவர் விரலால் துணியைத் தடவி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்ப்பதை மாணவர் ஒரு வாரம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் லேப்டாப்பைத் திறக்க வேண்டும்.

உரிமையாளர் கேட்கப்போகும் கேள்வியையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். "ஏனுங்க சார், பசங்க வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, பரீட்சை வந்தா போயிருவாங்க. நாளைக்கு இது நின்னு போச்சுன்னா நான் யாரைக் கூப்பிடறதுங்க?" முழுக்க நியாயமான கேள்வி. இதற்கு விடை இல்லாமல் யூனிட் வாசலை மிதிக்காதீர்கள்.

விடை கால அட்டவணையில் இருக்கிறது. ஒரே சிக்கலை மூன்று மாணவர் குழுக்களுக்கு வரிசையாகக் கொடுங்கள். முதல் குழு ஐந்தாம் பருவத்தில் பார்த்துப் பதிவு செய்யும், படங்களைச் சேர்க்கும். ஆறாம் பருவத்தில் இன்னொரு குழு சேர்ந்துகொண்டு முதல் வடிவத்தைக் கட்டும். அவர்கள் போவதற்குமுன் மூன்றாவது குழு வந்து, நான்கு வாரம் கூடவே இருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும். ஒப்படைப்புக்கே மதிப்பெண் வையுங்கள். அடுத்த குழு அந்த நிரலைத் தன் கணினியில் ஓட்டிக் காட்டினால்தான் முந்தைய குழுவுக்கு மதிப்பெண். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஆசிரியரின் கைப்பேசி எண் அந்த உரிமையாளரிடம் இருக்க வேண்டும். அந்த ஆசிரியருக்கு வாரம் நான்கு மணிநேரம் வகுப்பு குறைய வேண்டும். இதற்கு நிர்வாகம் சம்மதிக்காவிட்டால் கூட்டுறவைத் தொடங்கவே வேண்டாம். ஓர் ஆசிரியரின் நல்லெண்ணத்தை நம்பி நடத்தினால் அடுத்த வருடம் அவரும் களைத்துப்போவார்.

அவர்களுடைய காலத்தையும் மதியுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உள்நாட்டு பனியன் கம்பெனிகளில் யாருக்கும் நிமிர நேரமிருக்காது. ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் ஏற்றுமதி நிறுவனத்திலும் அதே கதைதான். நம் ஒற்றைப்படைப் பருவத்தின் திட்டப்பணி ஆய்வு சரியாக அப்போதுதான் வருகிறது. களவேலையை ஜூலை, ஆகஸ்டிலேயே முடித்துவிட்டு, அக்டோபரை ஆய்வக வேலைக்கு ஒதுக்குங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் பரபரப்பான நாளில் போய் நின்று காரியத்தைக் கெடுத்த குழுவை அடுத்த முறை உள்ளே விடமாட்டார்கள்.

ஒப்பந்தத்தைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். தரவு யாருடையது, எங்கே சேமிக்கப்படும், கட்டுரையாக வெளியிடுமுன் யாரைக் கேட்க வேண்டும், கேமரா வாங்கும் செலவு யாருடையது, வேலை பாதியில் நின்றால் என்ன என்பவை அதில் இருந்தால் போதும். இன்னொன்றையும் கட்டாயம் சேருங்கள். கேமரா துணியைத்தான் பார்க்க வேண்டும். வேலை செய்யும் பெண்களைப் பார்க்கக் கூடாது. திருப்பூர்ப் பகுதி ஆடைத் தொழிலின் பெரும்பகுதி பெண்களின் கைகளில் நடக்கிறது. குறை தேட வந்த கருவி, யார் எத்தனை முறை எழுந்து போகிறார்கள் என்று எண்ணும் கருவியாக மாற ஒருநாள் போதும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் இது நம் மாணவர்கள் கற்க வேண்டிய அறம்.

வெளியாட்களை வகுப்புக்குக் கொண்டுவரவும் இப்போது வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் அறிவித்த 'பிராக்டிஸ் பேராசிரியர்' முறையில், பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவரை முனைவர் பட்டம் இல்லாமலே நியமிக்கலாம்; அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை. இதற்கு மென்பொருள் நிறுவனத் துணைத்தலைவர்தான் வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஏற்றுமதி நிறுவனத்தில் இருபது வருடம் ஆர்டர் முதல் ஷிப்மென்ட் வரை பார்த்த மெர்ச்சண்டைசர் ஒருவர், தரவுத்தள வடிவமைப்பு வகுப்புக்கு வந்து ஓர் ஆர்டர் எத்தனை கை மாறுகிறது என்று பலகையில் வரைந்து காட்டினால், அந்த வகுப்பு மறக்காது.

வெளிநாடு: உறவு ஏற்கெனவே பெட்டியில் ஏறிப் போகிறது

வெளிநாட்டுக் கூட்டுறவு என்றதும் இரட்டைப் பட்டம், விமானப் பயணம், கொடிகள் வைத்த மேசை என்று மனம் போகிறது. விதிகள் இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டு யு.ஜி.சி. ஒழுங்குமுறையின்படி ட்வின்னிங் முறையில் வெளிநாட்டில் பெறும் கிரெடிட் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூட்டுப் பட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 30 சதவீதம் இருக்க வேண்டும். நாக் மதிப்பீடும் தரவரிசையும் தகுதியைத் தீர்மானிக்கும். பட்டம் தருகிற பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் கல்லூரி தனியாகக் கால் வைக்க முடியாது. செலவோ நம் மாணவர்களில் மிகச் சிலருக்கே கட்டுப்படியாகும். அங்கிருந்து தொடங்க வேண்டாம்.

பொதுவான சிக்கல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பகுதியில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலைத்த பொருள்களுக்கான ஒழுங்குமுறை 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கப்போகிறார்கள். 2025 ஏப்ரலில் வந்த செயல்திட்டத்தில் ஜவுளி முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டின் நூல் எங்கே, பின்னல் எங்கே, சாயம் எங்கே என்ற விவரம் சட்டையோடு கூடவே போக வேண்டிய நிலை வருகிறது. நம் பக்கத்தில் அந்த விவரம் எங்கே இருக்கிறது? யூனிட்டுக்கு யூனிட் கைமாறும் டி.சி. (டெலிவரி சலான்) புத்தகத்தில், கார்பன் நகலில், கையெழுத்தில். ஒரே சரக்குக்கு நூல்காரர் ஒரு லாட் எண்ணும் நிட்டிங்காரர் இன்னொரு எண்ணும் சாயப்பட்டறை மூன்றாவது எண்ணும் போடுகிறார்கள்.

விதி அங்கே எழுதப்படுகிறது, விவரம் இங்கே இருக்கிறது. ஜவுளியை ஆராயும் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்கு இந்த டி.சி. புத்தகங்களை எட்டிப்பார்க்க வழியில்லை. நம் மாணவருக்கு அந்த விதியை வாசித்துப் பொருள் சொல்ல ஆள் இல்லை. இருவரும் சேர்ந்து ஒரு திட்டப்பணி செய்ய உண்மையான காரணம் இருக்கிறது. வெளிநாட்டுப் பேராசிரியருக்கு நீங்கள் எழுதும் முதல் கடிதத்தில் உங்கள் கல்லூரியின் பெருமைகளை விட்டுவிட்டு இந்தச் சிக்கலை இரண்டு பத்தியில் எழுதுங்கள்.

பிறகு மறுபடியும் கால அட்டவணை. ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்தின் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவில் முடியும். அது தொடங்கும்போது நம் ஒற்றைப்படைப் பருவம் முடிகிற கட்டத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் வாரங்கள் குறைவு. கூட்டு வகுப்பை அந்த வாரங்களுக்குள் ஆறு அல்லது ஏழு அமர்வுகளாக வையுங்கள். குளிர்காலத்தில் நம் பிற்பகல் 2.30 அவர்களுக்குக் காலை 10. பேருந்தில் ஊருக்குத் திரும்பும் மாணவிகளும் கலந்துகொள்ளலாம். இரவு எட்டு மணிக்கு வைத்தால் விடுதியில் இருப்பவர்கள் மட்டும்தான் வருவார்கள். வெளிநாடுகளில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்களை நன்கொடைக்கு மட்டும் அணுகாமல், இந்த அமர்வுகளில் இரு பக்கத்துக்கும் நடுவில் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு இடத்துப் பழக்கமும் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

ஊர்: கிராம சபைக்குப் போகும் திட்டப்பணி

நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் இரண்டாண்டில் 240 மணிநேரம் கொடுக்கிறார். 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியானில் சேர்ந்த கல்லூரி கிராமங்களைத் தத்தெடுக்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் கணினி மாணவர் அங்கே போய் மரம் நட்டு, கோயில் வளாகத்தைக் கூட்டிவிட்டு வருகிறார். அவர் படித்த படிப்பு கல்லூரியிலேயே தங்கிவிடுகிறது.

அவிநாசி வட்டாரத்தில் கணினித் துறைக்கென்றே ஒரு வேலை காத்திருக்கிறது. பல தலைமுறை கேட்டுப் போராடிய அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் 1.5 டி.எம்.சி. நீரை ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். எந்தக் குளத்துக்கு வந்தது, எதற்கு வரவில்லை, வந்த நீர் எத்தனை வாரம் நின்றது? ஒவ்வொரு ஊரிலும் இதுதான் பேச்சு.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் அவற்றில் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். ஒரு ஏக்கர் குட்டை என்றால் நாற்பது புள்ளிதான். பெரிய குளத்தின் நீர்ப்பரப்பைக் கணக்கிட மூன்றாம் ஆண்டு மாணவரால் முடியும். ஆகாயத்தாமரை மூடிய குளம் படத்தில் பச்சை நிலமாகத் தெரியும். சீமைக்கருவேலம் மண்டிய குட்டையும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழையில் மேகம் மறைக்கும். எனவே படத்தில் பார்த்ததைக் கரையில் நின்று சரிபார்க்க ஆள் வேண்டும். குளத்தின் மதகும் மேடும் தெரிந்த விவசாயியும் மாணவரும் சேர்ந்து நடந்தால் அது உருப்படும். இந்தக் கூட்டுறவில் ஊர்க்காரரும் அளவீட்டில் பங்காளி. உதவி பெறுபவர் என்று அவரைப் பதிவேட்டில் எழுதாதீர்கள்.

முடிவை எங்கே சமர்ப்பிப்பது? துறைக் கருத்தரங்கில் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். இரட்டைப்படைப் பருவத் திட்டப்பணி கிட்டத்தட்ட முடியும் நேரம் அது. அந்த நாளை மதிப்பீட்டு நாளாகக் கால அட்டவணையில் போடுங்கள். ஒரு தாளில், தமிழில், படத்தோடு, ஊராட்சித் தலைவரும் பெரியவர்களும் கேள்வி கேட்கும்படி மாணவர் சொல்லட்டும். தமிழில் சொன்னால் ஆழம் குறைந்துவிடும் என்று அஞ்சும் ஆசிரியர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஜி.ஆர்.தாமோதரன்தான் 'கலைக்கதிர்' என்ற தமிழ் அறிவியல் இதழை நடத்தியவர்.

தொழிலும் ஊரும் எதிரெதிரே நிற்கும் நாளும் வரும். நொய்யலில் சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணை கெட்டது, விவசாயிகள் வழக்காடினார்கள், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலாளர் குடும்பங்கள் தவித்தன. ஆற்றோரக் குடும்பங்கள் அதற்கு முன்பே தவித்தவை. இன்று சுத்திகரிப்பு நிலையத் தரவை வைத்து உங்கள் துறை ஒரு திட்டப்பணி எடுத்தால், ஆலோசனைக் குழுவில் பட்டறைக்காரரோடு ஆற்றோர விவசாயி ஒருவரும் உட்கார வேண்டும். பணம் கொடுப்பவர் ஒரு பக்கம்தான் என்பதற்காக இன்னொரு நாற்காலியைக் காலியாக விடக் கூடாது. முடிவுகளை இரு தரப்புக்கும் ஒரே நாளில் கொடுப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்கு இசையாத நிறுவனத்தின் பணத்தை வாங்காதீர்கள்.

முதல் ஆண்டுக்கு

மூன்று பக்கமும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டாம். ஒரு நிட்டிங் யூனிட், ஒரு குளம் போதும். வெளிநாட்டுக் கடிதம் இரண்டாம் ஆண்டில் போகட்டும். அப்போது காட்டுவதற்குக் கையில் தரவு இருக்கும். ஏப்ரலில் பாடத்திட்டக் குழு கூடும்போது திட்டப்பணியின் கிரெடிட்டையும் ஆசிரியரின் மணிநேரக் குறைப்பையும் தீர்மானமாகப் பதிவு செய்து வாங்குங்கள். மே விடுமுறையில் ஆசிரியர் யூனிட்டுக்கும் குளத்துக்கும் மாணவர் இல்லாமல் தனியே போய்வர வேண்டும். துறை அலமாரியில் ஒப்படைப்புப் பதிவேடு ஒன்று இருக்கட்டும்: எந்தக் குழு, எந்த இடம், நிரல் எங்கே இருக்கிறது, அடுத்து என்ன பாக்கி, அங்கே யாரிடம் பேச வேண்டும், எந்த மாதத்தில் போகக் கூடாது. ஜூலையில் புதுக் குழு வந்ததும் முதல் மணிநேரத்தில் அதை அவர்கள் கையில் கொடுங்கள்.